ஈயச் சொம்பும் உப்புப் பாத்தியும்

ரசம் வைப்பதற்கென்று கும்பகோணம் முதலிய ஊர்களில் விற்கப்படும் ஈயச் சொம்பை, ஒன்றும் ஊற்றாமல் அடுப்பின்மேல் ஏற்றினால், சில நிமிஷங்களுக்குள் அதன் அடிப்பாகம் குழைந்து, பக்கங்கள் சரிந்து, பளபளக்கும் உலோகக் குழம்பாக அது வழிந்துவிடும். அதே சொம்பில் புளித்தண்ணீரை நிரப்பி, சுவாலை பக்கங்களில் ஏறாதபடி அதே அடுப்பில் வைத்தால், ரசம் நுரைத்துக் கொதித்து வாசனை வீடெங்கும் பரவும் வரையில் சொம்பில் ஒரு நெளிவுகூட உண்டாவதில்லை. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பழகியவர்களுக்கு இது தெரிந்த செய்தியேயானாலும், இதன் காரணத்தை நின்று விசாரிப்பவர் சிலரே. ஒவ்வொரு பதார்த்தமும் இன்ன உஷ்ணத்தில்தான் உருகும், இன்ன உஷ்ணத்தில்தான் கொதிக்கும், நீரில் இவ்வளவுதான் கரையும் என்று இயற்கை வகுத்திருக்கும் நியதிகளுக்குள் புகுவதற்கு இந்தச் சொம்பைக் காட்டிலும் நல்ல வாயில் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

சொம்பு வார்க்கப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. விறகானாலும் எரிவாயுவானாலும் அடுப்பின் சுவாலை பல நூறு டிகிரி வெம்மையுடையதாகையால், வெறும் சொம்பு அந்த எல்லையை விரைவிலேயே தாண்டிவிடுகிறது. நீர் நிறைந்த சொம்பிலோ, தீ கொடுக்கும் உஷ்ணம் முழுவதையும் உள்ளிருக்கும் நீர் வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டு 100 டிகிரியை அடைந்ததும், அதற்குமேல் எவ்வளவு தீயை மூட்டினாலும் தன் உஷ்ணத்தை உயர்த்திக்கொள்ளாமல், வருகிற வெப்பத்தையெல்லாம் ஆவியாவதற்கே செலவிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 70 கலோரி போதும். அதே ஒரு கிராம் நீரை 100 டிகிரியிலேயே நிறுத்தி ஆவியாக மாற்றவோ 540 கலோரி வேண்டும். தெர்மாமீட்டரில் ஒரு கோடும் ஏறாமலே இத்தனை வெப்பம் உள்ளே மறைந்துபோவதைக் கண்டு, அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டு, 1760-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அதை அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக் என்னும் ஆசிரியர். ஆகவே ரசம் கொதிக்கும் நேரமெல்லாம் ஈயத்தைக் காப்பாற்றி நிற்பது நீரின் கொதிநிலை என்னும் ஓர் எண்ணே.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ரசத்துக்கு உரியது வெள்ளீயம். 327 டிகிரியில் உருகுவதும், புளியின் அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து உடலில் நஞ்சாகச் சேர்வதுமான காரீயம் வேறு. இரண்டும் கலந்த பாத்திரத்தைக் கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது எளிதன்று. ஆனால் தீயின் முன் அந்தக் கலப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 232-ல் உருகும் உலோகத்தோடு 327-ல் உருகும் உலோகத்தைச் சேர்த்தால் கலவை இரண்டுக்கும் இடையில் ஏதோ ஓர் உஷ்ணத்தில் உருகும் என்று நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கலவை இரண்டுக்கும் கீழே, 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. ரேடியோ பழுது பார்ப்பவர்கள் கம்பிகளை ஒட்டவைக்க நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த பற்றாசு இதுவே. தூய பொருளோடு வேறொன்று கலந்தால் உருகுநிலை பெரும்பாலும் தாழ்ந்துவிடும் என்ற இந்த விதியைக் கொண்டே ரசாயன சாலைகளில் ஒரு பொருளின் தூய்மையைப் பரிசோதிக்கிறார்கள். மெல்லிய கண்ணாடிக் குழலில் சிட்டிகைத் தூளை இட்டுச் சூடேற்றும்போது, அது குறித்த டிகிரியில் சட்டென உருகினால் தூயது, முன்னதாகவே இளகித் தயங்கித் தயங்கி உருகினால் கலப்புள்ளது.

ஏன் ஒரு பொருளுக்கு உருகுநிலை என்று ஒன்று இருக்க வேண்டும்? திடப்பொருளில் அதன் நுண்துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தவண்ணம் ஒழுங்கான வரிசைகளில் நிற்கின்றன. நிற்கின்றனவே தவிர ஓய்ந்திருக்கவில்லை, இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. நாம் உஷ்ணம் என்று சொல்வது அந்த அதிர்வின் உக்கிரத்தையே. உக்கிரம் ஏற ஏற, வரிசை குலைந்து, ஒன்றன்மேலொன்று வழுக்கி நகரும் நிலை ஒன்று வருகிறது, அதுவே உருகல். இழுப்பு முற்றிலும் தோற்று, துகள்கள் கூட்டத்தை விட்டே பறந்து வெளியேறும் நிலை கொதித்தல். இவ்வாறாக உருகுநிலையும் கொதிநிலையும் துகள்களுக்கிடையே உள்ள ஈர்ப்பின் அளவைகள் ஆகின்றன. ஒற்றை ஈய அணுவுக்கு உருகுநிலை கிடையாது. கோடானுகோடி அணுக்கள் சேர்ந்த கூட்டுறவுக்கே அது உண்டு. பாதரசத்தின் அணுக்களுக்குள்ளே பற்று குறைவு, ஆகவே அது சுழியத்துக்குக் கீழே 39 டிகிரி வரையில்கூடத் திரவமாகவே இருக்கிறது. பழைய மின்விளக்கின் இழையாகிய டங்ஸ்டனில் பற்று மிகுதி, ஆகவே அதை உருக்க 3,400 டிகிரிக்கும் மேல் வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இதைக் காண வேண்டுமானால் மார்கழி மாதத்து விடியற்காலையில் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் புட்டியில் வெண்ணெயாக உறைந்திருக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் இளகித் தெளிந்தபடி இருக்கும். இரண்டும் தாவரத்தின் வித்திலிருந்து வந்த கொழுப்புகளே. இரண்டின் துகள்களும் கரியணுக்கள் தொடுத்த நீண்ட சங்கிலிகளால் ஆனவையே. தேங்காய் எண்ணெயின் பெரும்பகுதி நேரான சங்கிலிகள் கொண்டது. நேரானவை பக்கம் பக்கமாக நெருங்கி அடுக்கிக்கொள்வது எளிதாகையால், 24 அல்லது 25 டிகிரிக்குக் கீழே வந்தாலே அவை உறையத் தொடங்கிவிடுகின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலானவை இடையிலே இரட்டைப் பிணைப்பு ஏற்பட்டு முழங்கைபோல் மடங்கியவை. மடங்கியவை நெருங்கி அடுக்க இயலாமல் விலகியே நிற்பதால், நம் நாட்டுக் குளிர் அவற்றை உறையவைக்கப் போதுவதில்லை. உறைந்த எண்ணெயைக் கலப்படம் என்று ஐயுற்றுத் தள்ளுகிறவர்கள் உண்டு. மார்கழிக் குளிரில் உறைவது தேங்காய் எண்ணெயின் சுபாவம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: எண்ணெய் பலவகைக் கொழுப்புகளின் கலவையாகையால், ஈயத்தைப்போல் ஒரே டிகிரியில் திடீரென உருகாமல், முதலில் கலங்கி, பிறகு இளகி, நிதானமாகவே தெளிகிறது.

கற்பூரம் இந்த வரிசையில் ஒரு விலக்கு. 175 டிகிரிக்கு மேல்தான் உருகக்கூடியதாயினும், பெட்டியில் வைத்த கற்பூரம் உருகாமலே, நனையாமலே, நாளடைவில் காற்றில் கலந்து மறைந்துவிடுகிறது. திரவ நிலையைக் கடக்காமலே ஆவியாகும் இதைப் பதங்கமாதல் என்பார்கள்.

கொதிநிலைக்கு வருவோம். நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோமேயானாலும், அந்த எண் நீருக்கு மட்டும் உரியதன்று, நீரின்மேல் அமர்ந்திருக்கும் காற்றுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. திரவத்தின் உள்ளே தோன்றும் ஆவிக்குமிழ், வெளியிலிருந்து அழுத்தும் காற்றின் பாரத்துக்கு ஈடுகொடுத்து நிலைக்கக்கூடிய உஷ்ணமே கொதிநிலை. சுவீடன் தேசத்து உப்சாலா நகரத்து வானநூற் பேராசிரியர் ஆந்தர்ஸ் செல்சியஸ் 1742-ல் தம் அளவையை வெளியிட்டபோதே, பனிக்கட்டி உருகும் உஷ்ணம் மாறாதிருக்க, நீர் கொதிக்கும் உஷ்ணம் காற்றழுத்தத்தோடு மாறுகிறது என்பதைப் பரிசோதித்துப் பதிவு செய்திருந்தார். அவர் வகுத்த அளவையில் கொதிநிலைக்கு 0 என்றும் உருகுநிலைக்கு 100 என்றும் இருந்தது. அதைத் தலைகீழாக்கி இன்றைய முறைக்குக் கொண்டுவந்தவர்கள் பின்வந்தவர்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் பாரம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கே இருப்பதால், அங்கே நீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகாமல் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருப்பதற்கு, விறகு ஈரம் என்றோ பருப்பு பழையது என்றோ குறைசொல்வதில் பயனில்லை. அங்கே கொதிக்கும் நீரே அவ்வளவு சூடானதன்று. இந்தக் குறையைப் போக்குவது பிரெஷர் குக்கர். ஆவியை வெளியே விடாமல் அடைத்து அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, நீரின் கொதிநிலையை 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. இதன் மூதாதையான பாத்திரத்தைப் பிரெஞ்சுக்காரராகிய தெனி பாப்பேன் 1679-லேயே லண்டனில் செய்துகாட்டி, எலும்பையும் குழையவைத்தார். பாத்திரம் வெடிக்காதிருக்க அதற்குக் காப்பு வால்வு ஒன்றையும் அமைத்தார்.

நீரின் கொதிநிலையைப் பற்றி நினைக்குந்தோறும் ஆச்சரியமுண்டாக்குவது, அது அத்தனை உயர்ந்திருப்பதே. அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, அமைப்பில் நீருக்கு உறவு. அதன் மூலக்கூறு நீரின் மூலக்கூறைவிட ஏறத்தாழ இருமடங்கு கனமானது. கனத்தது எளிதில் பறக்காது என்று கருதினால் அதன் கொதிநிலையே உயர்ந்திருக்க வேண்டும். அதுவோ சுழியத்துக்குக் கீழே 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீரின் மூலக்கூறிலே ஆக்ஸிஜன் பக்கம் சிறிது எதிர்மின்மையும், ஹைட்ரஜன் பக்கங்களிலே சிறிது நேர்மின்மையும் ஒதுங்கியிருப்பதும், ஒன்றின் ஹைட்ரஜன் இன்னொன்றின் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்வதும், இந்தப் பற்றுக்களை அறுத்துத்தான் ஒவ்வொரு மூலக்கூறும் ஆவியாக வேண்டியிருப்பதுமே இந்த வேற்றுமைக்குக் காரணம். இந்தப் பற்று இல்லாவிட்டால் பூமியில் ஆறுமில்லை, கடலுமில்லை. நீர் என்பது வானில் திரியும் ஒரு வாயுவாகவே இருந்திருக்கும்.

இனி உப்பை எடுத்துக்கொள்வோம். சோற்றுப்பு உருக வேண்டுமானால் 801 டிகிரி வேண்டும். நம் வீட்டு வாணலியில் எத்தனை நேரம் வறுத்தாலும் அது படபடவென்று வெடித்துத் தெறிக்குமேயன்றி உருகுவதில்லை. தீக்கு இவ்வளவு பிடிவாதம் காட்டும் உப்பு, குளிர்ந்த நீரில் ஒரு கரண்டியை இட்டுக் கலக்கினால் கண் இமைக்கும் நேரத்தில் காணாமற்போகிறது. தீயால் முடியாததை நீர் எவ்வாறு சாதிக்கிறது? உப்பின் படிகம் நேர்மின்னேற்றமுள்ள சோடியமும் எதிர்மின்னேற்றமுள்ள குளோரினும் மாறிமாறி அடுக்கிய கோட்டை. அந்த மின்னிழுப்பின் வலிமையே 801 என்ற எண்ணாக வெளிப்படுகிறது. நீரின் மூலக்கூறுகள், மேலே சொன்ன மின்முனைகள் இருப்பதால், சோடியத்தைத் தம் ஆக்ஸிஜன் பக்கத்தாலும், குளோரினைத் தம் ஹைட்ரஜன் பக்கத்தாலும் சூழ்ந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் கோட்டையிலிருந்து பிரித்து எடுத்துச் செல்கின்றன. பிரிப்பதற்கு ஆகும் சக்தியைச் சூழ்ந்துகொள்வதில் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே தீ வேண்டியதில்லை. மின்முனைகள் இல்லாத எண்ணெயில் உப்பைப் போட்டால் யுகம் யுகமாக அப்படியே கிடக்கும். நீரைக் கடலாக நிறுத்திவைத்த அதே பற்றே, உப்பைக் கரைத்துக் கடலை உப்புக்கடலாக்கியும் வைத்திருக்கிறது.

உப்பு நீரில் இரண்டாகப் பிரிந்தே கரைகிறது என்பதை 1884-ல் உப்சாலாவில் ஆய்வுரையாக எழுதிய ஸ்வான்டே அர்ரேனியஸ் என்னும் இளைஞருக்கு அங்கிருந்த பேராசிரியர்கள் தாழ்ந்த தரமே அளித்தார்கள். ஆனால் சர்க்கரையும் உப்பும் சம எண்ணிக்கையில் நீரில் கரைந்தால், நீரின் உறைநிலையை உப்பு ஏறத்தாழ இருமடங்கு தாழ்த்துகிறது என்னும் அளவை அவர் பக்கமே சாட்சி சொல்லிற்று: சர்க்கரை முழுதாகக் கரைகிறது, உப்பு இரண்டாகப் பிரிகிறது. 1903-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குல்பி ஐஸ் விற்பவர் பனிக்கட்டித் துண்டுகளுக்கிடையே கல்லுப்பை வாரிக் கொட்டுவது இந்த விதியின் பிரயோகமே. உப்பும் பனிக்கட்டியும் தக்க அளவில் கலந்தால் சுழியத்துக்குக் கீழே 21 டிகிரி வரையில் குளிர்விக்கலாம்.

கரைதிறனுக்கும் எல்லை உண்டு. 100 கிராம் நீரில் 36 கிராம் உப்பு கரையும். அதற்குமேல் இட்டது அடியில் தங்கிவிடும். நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தாலும் அந்த 36, ஏறக்குறைய 39 ஆகிறதே தவிர அதிகமில்லை. சர்க்கரையோ அறை உஷ்ணத்தில் 200 கிராம் கரைந்து, கொதிக்கும் நீரில் 480 கிராமுக்கும் மேல் கரைகிறது. வெடியுப்பு 0 டிகிரியில் 13 கிராம், 100 டிகிரியில் 240 கிராமுக்கும் மேல். நீற்றின சுண்ணாம்பு இவற்றுக்கெல்லாம் மாறாக, சூடேற ஏறக் குறைவாகவே கரைகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரைக் காய்ச்சினால் அது கலங்கிப்போவதைக் காணலாம். இந்த எண்களே தொழில்களின் முறைகளை நிர்ணயித்திருக்கின்றன. வெடியுப்பைத் தூய்மைசெய்பவர்கள் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டாலே போதும், அது படிகமாக இறங்கிவிடும். சாதாரண உப்பை அவ்விதம் ஆறவைத்து எடுக்க முடியாது, நீரையே ஓட்டியாக வேண்டும்.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பாகு காய்ச்சும் தாய்மார்கள் கம்பிப் பதம் என்றும் உருட்டுப் பதம் என்றும் சொல்வது கொதிநிலையின் அளவைகளையே. நீரில் கரைந்த பொருள் மிகமிக அதன் கொதிநிலை ஏறும். பாகு கொதிக்கக் கொதிக்க நீர் வெளியேறுவதால் சர்க்கரையின் விகிதம் உயர்ந்து, கொதிநிலையும் அதோடு படியேறுகிறது. விரலிடையில் கம்பி இழுபடும்போது 106-லிருந்து 112 டிகிரி. தண்ணீரில் விட்ட சொட்டு மெத்தென்று உருளும்போது 112-லிருந்து 120. கடலை மிட்டாய்க்குரிய பாகு, தட்டில் விழுந்து 'டங்' என்று ஒலிக்கும் நிலையில், 145-ஐத் தாண்டியிருக்கும். அந்த நிலையில் எஞ்சியுள்ள நீர் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே. மேனாட்டு மிட்டாய்ச் சாலைகளில் தெர்மாமீட்டரைக் கொண்டு அறிவதை, ஒரு கிண்ணம் தண்ணீரையும் இரண்டு விரல்களையும் கொண்டு இவர்கள் பிழையில்லாமல் அறிகிறார்கள் என்பதை நான் எப்போதும் மிகுந்த மதிப்புடனேயே பார்த்து வருகிறேன்.

கரைதிறனின் சாஸ்திரம் முழுவதையும் வெட்டவெளியில் விரித்துக் காட்டுவது தூத்துக்குடியின் உப்பளங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் கரைபொருள்கள் உண்டு. அவற்றில் 27 கிராமே நாம் உண்ணும் உப்பு, மீதி மக்னீசியம், கால்சியம் முதலியவற்றின் உப்புகள். நீரை ஒரே பாத்தியில் விட்டு முழுவதும் வற்றவிட்டால் கிடைப்பது இவையெல்லாம் கலந்த, கசக்கும், எப்போதும் ஈரம் கோக்கும் ஒரு கூட்டு. ஆகவே நீரை ஒரு தேக்கத்திலிருந்து அடுத்த தேக்கத்துக்கு நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். 1849-ல் உசிக்லியோ என்னும் ரசாயனர் மத்தியதரைக் கடலின் நீரைப் படிப்படியாக வற்றவைத்து இந்த வரிசையை அளந்தார். நீர் பாதியாகச் சுருங்கும்போது சுண்ணாம்புச் சத்து இறங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே சுருங்கும்போதே உப்பு. 100-க்கு 36 என்ற கணக்கின்படி உப்பு இறங்குவதற்குக் கடல்நீர் பதின்மூன்றில் ஒரு பங்காக வேண்டுமே என்று கணக்கிடுபவர் வியப்படையலாம். உடனிருக்கும் மக்னீசியம் குளோரைடும் தன் பங்குக் குளோரினை நீரில் நிரப்பிவிடுவதால், சாதாரண உப்புக்கு இடம் குறைந்து அது முன்னதாகவே வெளியேறிவிடுகிறது.

இந்த நிலைகளைக் கண்டறிய அளங்களில் பயன்படுவது, பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768-ல் வகுத்த மிதவைமானி. தூய நீரில் 0 காட்டும் அது, கடல்நீரில் 3 டிகிரி அளவு காட்டும். உப்பு இறங்கும் நீரில் 25. அந்த 25 டிகிரி நீரைச் சமனாக்கி மிதித்து இறுக்கிய பாத்தியில் பாய்ச்சி, உப்பு விளைந்தபின் வாருகிறார்கள். நிழலென்பதே இல்லாத வெளியில், வெள்ளை உப்பின்மேல் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசவைக்க, கால் விரல்களை உப்புநீர் அரிக்க, நாள் முழுவதும் நின்று வாரும் ஆண்களும் பெண்களும் செய்யும் உழைப்பு மிதவைமானியின் எந்தக் கோட்டிலும் தெரிவதில்லை. அதைச் சொல்லாமல் உப்பைப் பற்றி எழுதுவது நியாயமன்று.

மானி 29 அல்லது 30 டிகிரியைத் தொட்டதும் எஞ்சிய நீரைப் பாத்தியிலிருந்து வடித்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் மக்னீசிய உப்புகளும் இறங்கத் தொடங்கிவிடும். வடிக்கப்படும் அந்தக் கசப்பு நீரில் சிறிதளவு உப்பின்மேல் ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டு ஜாடியில் கல்லுப்பு நசநசத்து நீர் விடுவதற்கு இதுவே பெருங்காரணம். தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால்தான் நீரை இழுக்கும். மக்னீசியம் குளோரைடு 33 இருந்தாலே இழுத்துக் கரைந்துவிடும். இழுத்த ஈரம் படிகங்களின் மேல் படர்ந்து உப்பையும் நனைத்துவிடுகிறது. இந்தச் சுபாவத்தையே தூய்மைக்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: வாரிய உப்பைக் குவியலாகக் குவித்துச் சில காலம் விட்டுவைத்தால், மக்னீசியம் காற்றின் ஈரத்தை வாங்கித் தானாகவே கரைந்து அடிவழியே வடிந்துபோகிறது.

இன்னும் தூய்மை வேண்டியவர்கள் உப்பைக் கழுவுகிறார்கள். உப்பைத் தண்ணீரில் கழுவினால் உப்பே போய்விடுமே என்ற ஐயம் எவருக்கும் எழும். உப்புச் சலவைச் சாலைகளில் அதற்குப் பயன்படுத்துவது, 100-க்கு 36 என்ற அளவுக்கு ஏற்கெனவே சாதாரண உப்பு நிறைந்த உப்புநீர். சாதாரண உப்பில் இனி ஒரு துளியையும் ஏற்க அந்த நீரில் இடமில்லை. மக்னீசியத்துக்கோ இடம் நிறைய இருக்கிறது. படிகங்களின் மேல் ஒட்டிய கசப்பை அது வாங்கிக்கொண்டு ஓட, உப்பு குறையாமல் அப்படியே நின்றுவிடுகிறது.